பழைய ஹார்டுவேர் ரிவ்யூவைத் தேட எந்த வழியில் போகலாம்?

செலரான் 300ஏ என்ற பெயரைக் கேட்டால் இன்றைக்கும் சிலருக்கு முகம் மலரும். 1998-ல் இன்டெல் மலிவு விலையில் விட்ட சிப் அது. 66 மெகாஹெர்ட்ஸ் பஸ் (சிப் மற்ற பாகங்களோடு பேசும் பாதை), அதன் 4.5 மடங்கு, ஆக 300 மெகாஹெர்ட்ஸ். 440பிஎக்ஸ் சிப்செட் உள்ள மதர்போர்டில் செருகி, பஸ்ஸை 100-க்கு ஏற்றிவிட்டால் அதே சிப் 450-ல் ஓடும். எல்லாச் சிப்பும் ஓடிவிடாது; ஆனாலும் ஓடியவை நிறைய. 128 கிலோபைட் கேஷ் (அடிக்கடி வேண்டியதை வைத்துக்கொள்ளும் வேகமான நினைவகம்) சிப்புக்குள்ளேயே உட்கார்ந்து முழு வேகத்தில் வேலை செய்ததால், பல மடங்கு விலையுள்ள பென்டியம் 2-க்குச் சரிசமமாக கேம்களில் நின்றது. இன்டெல் இதை விளம்பரத்தில் போடவில்லை. அன்றைக்கு இரண்டு மூன்று வயதே ஆகியிருந்த ஹார்டுவேர் தளங்கள்தான் சொல்லின. சிப் மலேசியாவில் அடைத்ததா, கோஸ்டா ரிக்காவில் அடைத்ததா என்று புரட்டிப் பார்த்து வாங்கச் சொல்லிக்கொடுத்ததும் அந்தக் காலத்து இணையம்தான்.

அந்தப் பக்கங்களை இப்போது தேடிப் போனால் கதை கலவையாக இருக்கிறது. தாமஸ் பாப்ஸ்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1996-ல் தொடங்கிய டாம்ஸ் ஹார்டுவேர் இன்னும் நடக்கிறது. ஆனால் 2007-க்குப் பிறகு பல கை மாறிவிட்டது. ஆனந்த் லால் ஷிம்பி 1997-ல், 14 வயதில், ஜியோசிட்டீஸில் ஓர் இலவசப் பக்கமாக ஆரம்பித்த ஆனந்த்டெக் 2024 ஆகஸ்ட் 30-ம் தேதி நிறுத்தப்பட்டது. கைல் பென்னட்டின் ஹார்ட்ஓசிபி 2019-ல் நின்றது. அவர் இன்டெல்லுக்கே வேலைக்குப் போய்விட்டார். 1999-ல் தொடங்கிய டெக் ரிப்போர்ட் கைமாறி, பழைய வாசகருக்கு அடையாளமே தெரியாத தளமாகிவிட்டது. ஷார்க்கி எக்ஸ்ட்ரீம், ஏசஸ் ஹார்டுவேர், எக்ஸ்பிட் லேப்ஸ் எல்லாம் நினைவில்தான் இருக்கின்றன. 2013-ல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருஷத்துக்குள் காணாமல் போயிருந்தன என்று பியூ ஆய்வு மையம் 2024-ல் கணக்குச் சொன்னது. அதற்கும் பதினைந்து வருஷம் முந்தைய பக்கங்களின் கதியை யோசித்துப் பாருங்கள்.

சரி, ஒரு பழைய ரிவ்யூவோ, ஒரு பாகத்தை இயக்கும் டிரைவர் மென்பொருளோ, போர்டின் சின்ன இணைப்பிகளை எப்படிச் செருகுவது என்ற ஜம்பர் அமைப்போ வேண்டும். எங்கே போவது? தளம் இன்னும் இருந்தால் அங்கேயே போகலாம். வலைப்பக்கங்களை அவ்வப்போது பிரதி எடுத்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் தேடலாம். ஆர்வலர்கள் சேர்த்துவைத்த கிடங்குகள் இருக்கின்றன. ஸ்கேன் செய்த அச்சுப் பத்திரிகைகளும் அவற்றோடு வந்த சிடிக்களும் இருக்கின்றன. கண்ணில் பட்டதை உடனே நம் டிஸ்க்கில் இறக்கிவைத்துக்கொள்வது இன்னொரு வழி. எது நல்லது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் வேபேக் என்பார்கள். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். முதலில் என்ன தேடுகிறோம் என்று தெரிய வேண்டும்.

ஒரு ரிவ்யூவுக்குள் நாலு பொருள்

ஒரு பழைய ஹார்டுவேர் ரிவ்யூ ஒரே பொருள்போலத் தெரிந்தாலும் உள்ளே நாலு இருக்கும். எழுத்து ஒன்று. கிராஃபும் படமும் இரண்டாவது. இறக்கிக்கொள்ளக் கொடுத்த பயாஸ் (மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்), டிரைவர், சோதனை மென்பொருள் மூன்றாவது. வாசகர்கள் சேர்த்த தகவல், அதாவது டேட்டாபேஸ், நாலாவது. நாலுக்கும் ஆயுள் வேறு.

எழுத்துக்கு ஆயுள் கெட்டி. சில கிலோபைட் எச்டிஎம்எல். யார் வேண்டுமானாலும் எடுத்துவைத்திருப்பார்கள். 2000 ஜூலை கடைசியில் இன்டெல் 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3-ஐ விட்டது. அது சோதனைகளில் நிலையாக ஓடவில்லை என்று டாம்ஸ் ஹார்டுவேரும் ஹார்ட்ஓசிபியும் எழுதின. லினக்ஸ் கெர்னலை கம்பைல் செய்யும் சோதனையில் அந்தச் சிப் விழுந்தது. அதே ஆகஸ்டில் இன்டெல் அதைச் சந்தையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டது. இந்தச் சம்பவத்தின் எழுத்துப் பகுதியைத் தேடிப் படிப்பது இன்றும் பெரிய கஷ்டமில்லை.

கிராஃப் அப்படியில்லை. அந்தக் காலத்தில் பெஞ்ச்மார்க் எண்கள் பெரும்பாலும் எழுத்தாக இல்லை, ஜிஃப் படமாகத்தான் இருந்தன. அந்தப் படங்களும் பல தளங்களில் வேறு சர்வரில் இருந்தன. ஆனந்த்டெக்கே படங்களுக்குத் தனியாக ஒரு துணை டொமைன் வைத்திருந்தது. பக்கம் காப்பாற்றப்பட்டிருக்கும், படம் இருக்காது. "கீழே உள்ள கிராஃபில் பார்க்கிறபடி" என்ற வரிக்குக் கீழே உடைந்த பட ஐகான் மட்டும் இருக்கும். 2011-ல் டெக் ரிப்போர்ட்டில் ஸ்காட் வாசன் ஒரு கட்டுரை எழுதினார். சராசரி எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை ஃபிரேம்) எண்ணை நம்பாமல், ஒவ்வொரு ஃபிரேமும் எத்தனை மில்லிசெகண்ட் எடுத்தது என்று பார்க்கச் சொன்ன கட்டுரை அது. கிராபிக்ஸ் கார்டு சோதிக்கும் முறையையே அது மாற்றியது. அதன் உயிர் முழுக்க அந்த முள்முள்ளான ஃபிரேம் நேரக் கோடுகளில்தான். கோட்டை எடுத்துவிட்டால் கட்டுரை தலையில்லாத முண்டம்.

கோப்புகளுக்குத் தலையெழுத்து இன்னும் மோசம், அதைக் கிடங்குகள் பற்றிய பகுதியில் சொல்கிறேன். டேட்டாபேஸ்தான் முழுசாகப் போனது. ஸ்டோரேஜ்ரிவ்யூ தளத்தில் ஹார்டு டிஸ்க் நம்பகத்தன்மைக்கு ஒரு வாசகர் கணக்கெடுப்பு இருந்தது. என்ன டிஸ்க் வைத்திருக்கிறீர்கள், எப்போது வாங்கினீர்கள், செத்துவிட்டதா என்று பதிய வேண்டும். பதிந்தால்தான் முடிவைப் பார்க்கலாம். ஐபிஎம் டெஸ்க்ஸ்டார் 75ஜிஎக்ஸ்பி வரிசையாகச் செத்து "டெத்ஸ்டார்" என்று பெயர் வாங்கிய காலத்தில் அந்தப் பட்டியலுக்கு எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும்! லாகின் கேட்கிற பக்கத்துக்குள், தானாகப் பக்கம் பக்கமாகப் போய்ப் பிரதி எடுக்கும் எந்த வலைத்தவழியும் (கிராலர்) நுழையாது. அதனால் இந்த வகையைத் தேடி நேரத்தை வீணடிக்க வேண்டாம் என்பதே என் யோசனை. யாராவது எங்காவது மேற்கோள் காட்டியிருந்தால் அதோடு திருப்திப்பட்டுக்கொள்ள வேண்டும்.

தளம் இன்னும் நிற்கிறதென்றால்

நின்றாலும் முழுதாக நம்ப முடியாது. இருபத்தைந்து வருஷத்தில் ஒரு தளம் நாலைந்து தடவையாவது மென்பொருள் மாறியிருக்கும். ஒவ்வொரு மாற்றத்திலும் ஏதாவது உதிரும்: 18 பக்க ரிவ்யூவில் எட்டாம் பக்கம் போயிருக்கும், அட்டவணை சிதைந்திருக்கும், 1999-ல் எழுதியது புதுத் தேதியோடு நிற்கும். பழைய முகவரியைக் கொடுத்தால் நேராக முகப்புக்குத் தள்ளிவிடும் தளங்கள் எரிச்சலின் உச்சம். "பக்கம் இல்லை" என்று நேர்மையாகச் சொன்னாலாவது வேறு இடம் பார்க்கலாம்.

உரிமையாளரின் மனசும் மாறும். 2023-ல் டெக் செய்தித் தளமான சிநெட் தன் பழைய கட்டுரைகளில் ஆயிரக்கணக்கானவற்றை நீக்கியது. தேடுபொறியில் மேலே வர அது உதவும் என்பது அவர்கள் கணக்கு. ஆனந்த்டெக் மூடும்போது பழைய கட்டுரைகளைக் காலவரையின்றி வைத்திருப்போம் என்று உரிமை நிறுவனமான ஃபியூச்சர் சொன்னது. நல்ல வார்த்தைதான். ஆனால் வருமானம் வராத ஒரு சர்வருக்கு யாரோ ஒருவர் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். அந்த யாரோ ஒருவர் நாளைக்கு அந்த நிறுவனத்தில் இருப்பாரா என்பது வேறு விஷயம்.

ஆகவே உயிரோடு இருக்கும் தளத்துக்குப் போவது தேடுவதற்கு மட்டும். கிடைத்ததும் அங்கேயே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

வேபேக் மெஷின்: எப்படிப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது

இன்டர்நெட் ஆர்க்கைவின் நிறுவனர் ப்ரூஸ்டர் கேல் 1996-ல் பக்கங்களைச் சேமிக்க ஆரம்பித்தார், 2001-ல் பொதுமக்களுக்குத் திறந்தார், 2025-ல் ஒரு லட்சம் கோடிப் பக்கங்களைத் தாண்டியது. இவ்வளவு பெரிய பொக்கிஷத்தில் குறை சொல்வது நன்றிகெட்டதனமாகத் தோன்றலாம். ஆனாலும் அதன் குணத்தைப் புரிந்துகொள்ளாமல் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

முதல் குணம்: முகவரி தெரியாமல் அங்கே பெரிதாக எதுவும் நடக்காது. கூகுள்போல "ஏபிட் பிஎச்6 ரிவ்யூ" என்று ஒரு மதர்போர்டின் பெயரைத் தட்டி உள்ளே தேட முடியாது. தளத்தின் பெயரைத்தான் ஓரளவு தேடலாம். அதனால் முகவரியைப் பிடிப்பதுதான் பாதி வேலை. இன்னும் உயிரோடு இருக்கும் வேறொரு பழைய தளத்தின் செய்திப் பக்கத்தைப் பாருங்கள். அன்றைக்கு எல்லாத் தளமும் தினமும் மற்ற தளங்களின் ரிவ்யூக்களுக்கு லிங்க் கொடுக்கும். "இன்றைய ரிவ்யூக்கள்" என்று நீளமான பட்டியலே இருக்கும். நாம் தேடும் தளத்தின் ஒரிஜினல் முகவரி அங்கே கிடைக்கும். டாம்ஸ் ஹார்டுவேரின் ஆரம்பகாலப் பக்கங்கள் இப்போதைய பெயரில் இல்லை. பேர் (pair) என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் கீழ் "சிஸ்டாக்" என்ற துணைப்பெயரில் இருந்தன. இது தெரியாமல் 1996-ஐத் தேடினால் ஒன்றும் வராது.

முகவரியின் முன்பகுதி மட்டும் தெரிந்தால் அதன் கடைசியில் ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டுப் பாருங்கள். அந்த முன்பகுதியில் சேமித்த எல்லா முகவரியும் பட்டியலாக வரும். அதை ஜிப், எக்ஸ்இ, ஜிஃப் என்று வடிகட்டலாம். பலருக்கு இது தெரியாது, ஆனால் வேபேக்கில் எனக்குப் பிடித்த வசதி இதுதான். முன்பக்கத்திலிருந்து கிளிக் செய்து போனால் கிடைக்காத படங்கள் இந்தப் பட்டியலில் அமைதியாக உட்கார்ந்திருக்கும்.

இரண்டாவது குணம் கொஞ்சம் விபரீதமானது. நாம் பார்க்கும் பக்கம் ஒரே நாளில் எடுத்தது என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. முகவரியில் 14 இலக்க எண் ஒன்று இருக்கும்: வருஷம், மாதம், தேதி, மணி, நிமிடம், விநாடி. அது அந்த எச்டிஎம்எல்லை எடுத்த நேரம் மட்டும். பக்கத்துக்குள் இருக்கும் படங்களுக்கு, அந்த நேரத்துக்கு எது பக்கத்தில் சேமிக்கப்பட்டதோ அதை மெஷின் கொண்டுவந்து ஒட்டும். 1999-ல் எடுத்த பக்கத்தில் 2002-ல் எடுத்த படம் உட்காரலாம். அந்த மூன்று வருஷத்தில் தளக்காரர் அதே பெயரில் வேறு கிராஃபைப் போட்டிருந்தால் நாம் தவறான எண்ணைப் படித்துக்கொண்டிருப்போம். 18 பக்க ரிவ்யூவிலும் இதே கதைதான்: முதல் பக்கம் ஒரு மாதம், இரண்டாம் பக்கம் அடுத்த வருஷம். எண்களை மேற்கோள் காட்டப் போகிறீர்களென்றால் "இந்தச் சேமிப்பைப் பற்றி" என்ற பகுதியைத் திறந்து ஒவ்வொரு படத்தின் நேரத்தையும் பாருங்கள். 14 இலக்க எண்ணுக்குப் பின்னால் ஐ, டி என்ற இரண்டு ஆங்கில எழுத்தும் ஓர் அடிக்கோடும் சேர்த்தால், மெஷின் தன் கருவிப்பட்டை எதையும் ஒட்டாமல் சர்வர் அன்று கொடுத்த கோப்பை அப்படியே கொடுக்கும்.

அப்புறம் அச்சுப் பக்கம். அன்றைய தளங்கள் விளம்பரத்துக்காக ஒரு ரிவ்யூவைப் பத்து இருபது பக்கமாக வெட்டும். ஆனால் "அச்சிட" என்று ஒரு லிங்கும் கொடுக்கும். அதில் முழு ரிவ்யூவும் ஒரே பக்கமாக வரும். வலைத்தவழி அந்த ஒரு பக்கத்தை எடுத்திருந்தால் எட்டாம் பக்கம் காணவில்லை என்ற பிரச்சினையே இல்லை. ஆனந்த்டெக்கில் இது அருமையாக வேலை செய்யும்: கட்டுரை எண்ணை மட்டும் எடுத்து அச்சுப் பக்க முகவரியில் போட்டுப் பார்க்க வேண்டும்.

வேபேக்குக்கு ஒரு பழைய வியாதியும் இருந்தது. டொமைன் காலாவதியாகி வேறொருவர் வாங்கி, வலைத்தவழிகள் வரக் கூடாது என்று ஒரு ரோபோட்ஸ் கோப்பைப் போட்டுவிட்டால், முந்தைய உரிமையாளர் காலத்துப் பக்கங்களும் சேர்ந்து மறைந்துவிடும். அந்தக் கோப்பின் பேச்சைக் கேட்பதைக் குறைத்துக்கொள்ளப் போவதாக 2017-ல் ஆர்க்கைவ் அறிவித்தது. அதற்கு முன்பு தேடி, கிடைக்காமல் கைவிட்டவர்கள் ஒருமுறை மறுபடி பார்க்கலாம். இன்னொன்று, 2024 அக்டோபரில் ஆர்க்கைவின் மேல் நடந்த சைபர் தாக்குதலில் அது சில நாட்கள் மூடியே கிடந்தது. உலகத்துக்கே ஒரே பீரோ, அதற்கு ஒரே சாவி என்ற நிலைமையின் ஆபத்து அப்போது பலருக்கு உறைத்தது. போர்ச்சுகலின் ஆர்க்கிவோ போன்ற வேறு வலைக்காப்பகங்களும் இருக்கின்றன. அவற்றையெல்லாம் ஒரே தடவையில் தேடித் தரும் மெமெண்டோ சேவையில் அரை நிமிடம் செலவிடுவதில் நஷ்டமில்லை.

இவ்வளவு தொல்லைக்கும் பலன் உண்டு. 2001 அக்டோபரில் ஹார்ட்ஓசிபி ஒரு வேலை செய்தது. ஏடிஐ ரேடியான் 8500 கிராபிக்ஸ் கார்டில் குவேக் 3 கேமின் கோப்புப் பெயரை "குவேக்" என்பதிலிருந்து "குவாக்" என்று மாற்றி ஓட்டிப் பார்த்தார்கள். வேகம் இறங்கியது. பெயரைப் பார்த்ததும் டிரைவர் தனி வழியில் போகிறது என்று தெரிந்தது. இன்று எங்கே தேடினாலும் இந்தக் கதை "ஏடிஐ ஏமாற்றியது" என்ற ஒற்றை வரியாகத்தான் கிடைக்கும். அன்றைய கட்டுரையைப் படித்தால்தான் எந்த டிரைவர் பதிப்பு, எந்த அமைப்பு, எவ்வளவு வித்தியாசம் என்று தெரியும். ஏடிஐ தரப்பு என்ன பதில் சொன்னது, மற்ற தளங்கள் படத் தரத்தை எப்படி ஒப்பிட்டன என்பதும் அதைத் தொடர்ந்து போனால் தெரியும். இப்படி ஒரு சர்ச்சையின் மூலத்தைப் படிக்க வேபேக்கை விட்டால் கதியில்லை.

கோப்பு வேண்டுமென்றால் ஆர்வலர் கிடங்கு

டிரைவரோ பயாஸோ தேடுகிறவர் வேபேக்கில் நேரத்தைக் கரைக்க வேண்டாம். தயாரிப்பாளர்களின் கோப்புகள் பெரும்பாலும் எஃப்டிபி (கோப்புகளை மட்டும் வைத்து இறக்கத் தரும்) சர்வரில் இருந்தன. வேபேக் அங்கே பொதுவாகப் போகவில்லை. நிறுவனம் போனால் சர்வரும் போனது. வூடூ கிராபிக்ஸ் கார்டுகளைத் தந்த 3டிஎஃப்எக்ஸ் தன் சொத்தை என்விடியாவுக்கு விற்பதாக 2000 டிசம்பரில் அறிவித்தது. வூடூ கார்டு வைத்திருந்தவர்கள் ஒருவருக்கொருவர் டிரைவரைப் பகிர்ந்துதான் பிழைத்தார்கள். இரண்டு செலரானை ஒரே போர்டில் ஓடவிட்ட பிபி6 மதர்போர்டைத் தந்த ஏபிட், 2008 கடைசியோடு முடிந்தது. நிறுவனம் நன்றாக இருந்தாலும் இதே நிலைமை வரலாம்: 2019 நவம்பரில் இன்டெல் தன் பழைய மதர்போர்டுகளின் பயாஸையும் டிரைவர்களையும் தளத்திலிருந்து எடுத்தது.

இந்த இடத்தில் கைகொடுப்பவை ரெட்ரோ வெப், வோகன்ஸ் டிரைவர் நூலகம் போன்ற இடங்கள். ரெட்ரோ வெப்பில் மதர்போர்டின் படம், கையேடு, பயாஸ் கோப்பு, ஜம்பர் விவரம் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். எனக்கு அதைவிடப் பிடித்த உதாரணம் டிஎச்99. "டோட்டல் ஹார்டுவேர் 99" என்ற பெயரில் சுற்றிய ஜம்பர் அமைப்புத் தொகுப்பு அது. 386, 486 காலத்துப் பெயர் தெரியாத போர்டுகளுக்குக்கூட வரைபடத்தோடு விவரம் இருக்கும். அது வெறும் எச்டிஎம்எல் கோப்புகளின் மூட்டை என்பதால் ஆளாளுக்கு ஒரு பிரதி எடுத்துத் தங்கள் சர்வரில் போட்டார்கள். ஒன்று போனால் இன்னொன்று இருந்தது. அதே காலத்தில் அதைவிடப் பணக்காரத் தளங்கள் எத்தனையோ அழிந்தன, இது இன்றும் கிடைக்கிறது.

(டிரைவர்கைடு தளத்துக்குள் போக எல்லோரும் "டிரைவர்ஸ்" என்ற பயனர் பெயரையும் "ஆல்" என்ற கடவுச்சொல்லையும் போட்டது ஞாபகம் இருக்கிறவர்கள் கையைத் தூக்கலாம்.)

கிடங்கில் எடுக்கும்போது ஒரு விஷயத்தில் அவசரப்படக் கூடாது. போர்டின் பெயரை மட்டும் பார்த்து பயாஸை ஏற்றாதீர்கள். ஒரே பெயரில் ரிவிஷன் 1.0, 1.1, 2.0 என்று இருக்கும். ஒன்றின் பயாஸ் இன்னொன்றில் ஓட வேண்டிய அவசியமில்லை. ரிவிஷன் பெரும்பாலும் பிசிஐ ஸ்லாட்டுகளுக்கு நடுவிலோ போர்டின் ஓரத்திலோ சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கும். பெயரே இல்லாத போர்டென்றால் மானிட்டரில் மெமரி எண்ணும்போது பாஸ் பட்டனை அழுத்துங்கள். அவார்டு பயாஸில் திரையின் அடியில் தேதியும் சிப்செட் பெயரும் அதன் பின் ஓர் எண்ணெழுத்துச் சரமும் தெரியும். "2ஏ69கே" என்று தொடங்கினால் 440பிஎக்ஸ். அதற்கு அடுத்த இரண்டு குறிகள் தயாரிப்பாளர்: "ஏ1" என்றால் ஏபிட், "ஏ0" ஏசூஸ், "ஜி0" கிகாபைட். அந்தச் சரத்தை அப்படியே கிடங்கில் தேடினால் பெயர் தெரியாத போர்டுக்கும் பெயர் கிடைத்துவிடும். ஏற்றுவதற்கு முன் இப்போது போர்டில் இருக்கும் பயாஸை ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பதிப்பு வேறெங்கும் இல்லாததாக இருந்தால் கிடங்குக்கும் அனுப்பலாம்.

ரிவ்யூ எழுத்துக்கு மட்டும் இந்தக் கிடங்குகள் உதவாது. அவர்கள் கவனம் பொருளின் மேல், அதைப் பற்றிய பேச்சின் மேல் இல்லை.

அச்சுப் பத்திரிகை

எண் வேண்டும், விலை வேண்டும் என்றால் நான் முதலில் போகிற இடம் இது. பிசி மேகசின் கூகுள் புக்ஸில் முழு இதழ்களாகவே கிடக்கிறது. பைட் பத்திரிகை 1975-லிருந்து 1998 ஜூலை வரை வந்தது. அதன் ஸ்கேன்கள் இன்டர்நெட் ஆர்க்கைவில் கிடைக்கும். "பூட்" என்று தொடங்கி 1998-ல் மேக்சிமம் பிசி ஆனது இன்னொன்று. காகிதத்தில் கிராஃப் தனியாகக் கழன்று விழாது. விளம்பரப் பக்கங்கள் இன்னொரு லாபம்: அந்த மாதம் எந்தக் கார்டு எந்த விலையில் விற்றது என்று தபால்வழி விற்பனைக்காரர்களின் விளம்பரத்தில் பொடி எழுத்தில் இருக்கும், வலைத்தளத்தின் பேனர் விளம்பரம் எதுவும் அதைக் காப்பாற்றித் தராது.

குறை தெரிந்ததுதான். அச்சுக்குப் போக மாதக்கணக்கில் ஆகும். அட்டையில் போட்ட மாதத்தை நம்பித் தேதி போடக் கூடாது. ஓவர்கிளாக் செய்வது (சிப்பை அதன் வேகத்துக்கு மேல் ஓட்டுவது), ஏஎம்டியின் அத்லான் சிப்பின் மேலுள்ள பாலங்களைப் பென்சிலால் இணைத்து மல்டிபிளையரை, அதாவது பஸ்ஸின் மடங்கு எண்ணை, மாற்றத் திறப்பது மாதிரியான விளையாட்டெல்லாம் வலைத்தளங்களின் ராஜ்ஜியம். பத்திரிகையோடு வந்த சிடிக்களின் ஐஎஸ்ஓக்களும் (முழு சிடியை ஒரே கோப்பாக எடுத்த பிரதிகள்) ஆர்க்கைவில் நிறைய இருக்கின்றன. அந்த மாதத்து டிரைவர், டெமோ, பெஞ்ச்மார்க் மென்பொருள் எல்லாம் உள்ளே இருக்கும்.

வெறும் ஏக்கத்துக்காகப் போகிறவருக்கு மேலே சொன்ன எதுவும் தேவையில்லை. ஓல்ட்வெப் டுடே தளத்தில் பழைய நெட்ஸ்கேப்புக்குள்ளேயே அன்றைய பக்கத்தைத் திறக்கலாம். கையில் நிஜமான பழைய கம்ப்யூட்டர் இருந்தால் ஓல்ட் நெட், புரோட்டோவெப் போன்ற பிராக்ஸிகள் இன்றைய எச்டிடிபிஎஸ் தொல்லை இல்லாமல் பழைய பிரவுசருக்குப் பழைய பக்கத்தைக் கொடுக்கும். ஜியோசிட்டீஸ் காலத்துத் தனியார் பக்கங்கள் வேண்டுமென்றால், யாஹூ 2009 அக்டோபரில் அதை மூடுவதற்கு முன் ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழு அள்ளியெடுத்த தொகுப்பு 600 ஜிகாபைட்டைத் தாண்டும் டோரண்டாக வந்தது. அவ்வளவையும் இறக்க வேண்டாம். ஊசிட்டீஸ் போன்ற பிரதித் தளங்களில் நேராகப் பார்க்கலாம்.

இன்னும் இருப்பதை எடுத்து வைப்பது

என் முடிவு இதுதான்: கோப்புக்குக் கிடங்கு, எண்ணுக்கும் விலைக்கும் காகிதம், எழுத்துக்கும் சர்ச்சைக்கும் வேபேக். ஆனால் பக்கம் இன்றைக்கு உயிரோடு இருந்தால் இந்த மூன்றுக்கும் முன்னால் நம் சொந்தப் பிரதி. மற்ற வழிகளெல்லாம் யாரோ எப்போதோ எடுத்ததை நம்பியிருப்பவை. இதில் மட்டும்தான் கிராஃப் முழுசாக வந்ததா என்று எடுக்கும்போதே சரிபார்க்க முடியும்.

ஒற்றைக் கட்டுரைக்கு சிங்கிள்ஃபைல் என்ற பிரவுசர் நீட்சி போதும். படம், எழுத்துரு எல்லாவற்றையும் ஒரே எச்டிஎம்எல் கோப்புக்குள் அடைத்துவிடும். அச்சுப் பக்கத்தைத் திறந்து அதில் போட்டால் இருபது பக்க ரிவ்யூ ஒரே கோப்பு. பிடிஎஃப்பாகச் சேமிப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், அகலமான அட்டவணைகள் ஓரத்தில் வெட்டுப்பட்டுப் போகும். முழுத் தளம் வேண்டுமென்றால் தளத்தையே இறக்கித் தரும் டபிள்யூகெட் அல்லது எச்டிடிராக் மென்பொருள். இதில் டபிள்யூகெட்டுக்கு என் ஓட்டு, காரணம் அது வார்க் வடிவத்தில் எழுதும். வார்க் என்பது காப்பகங்கள் எல்லாம் பயன்படுத்தும், ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பின் வடிவம்; சர்வர் என்ன பதில் கொடுத்தது, எத்தனை மணிக்குக் கொடுத்தது என்பதும் சேர்ந்து பதிவாகும். எச்டிடிராக்கின் பிரதியைத் திறப்பது சுலபம். ஆனால் உள்ளூரில் திறக்க வசதியாக அது லிங்குகளை மாற்றி எழுதிவிடுவதால், ஒரிஜினல் முகவரி என்ன என்று பின்னாளில் கண்டுபிடிப்பது தலைவலி. ஜாவாஸ்கிரிப்ட் மெனுவில் பக்கம் மாற்றும் தளமென்றால் இரண்டுமே திணறும். அதற்கு வெப்ரெக்கார்டரின் ஆர்க்கைவ்வெப் நீட்சியை ஓடவிட்டு, நாமே ஒவ்வொரு பக்கமாகக் கிளிக் செய்துகொண்டே போக வேண்டும். அலுப்பான வேலை, ஆனால் ஒன்றும் விடுபடாது.

டபிள்யூகெட்டை ஓடவிடும்போது ஒவ்வொரு பக்கத்துக்கும் இடையில் ஒன்றிரண்டு விநாடி இடைவெளி கொடுங்கள். பழைய தளங்கள் நொண்டி சர்வரில்தான் ஓடிக்கொண்டிருக்கும். வேகமாக இழுத்தால் நம்மைத் தடுத்துவிடுவார்கள். படங்கள் வேறு டொமைனில் இருந்தால் அந்த டொமைனையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதை விட்டால் எழுத்து மட்டும் வந்து, வேபேக்கில் பார்த்த அதே உடைந்த ஐகான் நம் டிஸ்க்கிலும் இருக்கும். எடுத்ததை வீட்டில் வைத்துப் படிப்பது வேறு, பொதுவில் மறுபடி போடுவது வேறு. எழுதியவருக்கு உரிமை இன்னும் இருக்கிறது. ஆகவே அதே முகவரிகளை வேபேக்கின் "இப்போதே சேமி" பெட்டியிலும் போட்டுவிடுங்கள், மற்றவர்களுக்கு அது போதும்.

எடுத்து முடித்ததும் நெட் இணைப்பைத் துண்டித்துவிட்டு, பிரதியைத் திறந்து கடைசிப் பக்கம் வரை ஸ்க்ரோல் செய்யுங்கள். ஏதாவது கிராஃப் வெள்ளையாக இருந்தால் அது இத்தனை நேரம் வெளி சர்வரிலிருந்து வந்துகொண்டிருந்தது என்று அர்த்தம். இணைப்பைப் போட்டு, அந்த டொமைனையும் சேர்த்து மறுபடி ஓட விடுங்கள்.